வராதவரைத் தேடும் கூட்டம்: ஆஸ்திரேலியாவின் முன்னாள் படைவீரர் கிளைகள்

ஆஸ்திரேலியாவில் படைப்பணி முடித்துத் திரும்பியவர்களின் மிகப் பெரிய அமைப்பு 'ரிட்டர்ன்டு அண்டு சர்வீசஸ் லீக்'. மக்கள் வழக்கில் ஆர்எஸ்எல். 1916-இல் தொடங்கிய இந்த அமைப்புக்கு நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உள்ளூர்க் கிளைகள் இருக்கின்றன. தேசிய அலுவலகம் கான்பராவில் உள்ளது. மாநிலந்தோறும் ஒரு தலைமையகம், அதன்கீழ் ஊர்க் கிளைகள். தேசியத் தலைவர் விடுக்கும் அறிக்கைகள் செய்தித்தாளில் வரும். ஆனால் அமைப்பை நூறாண்டுக்கு மேல் உயிரோடு வைத்திருப்பது, ஊர்க் கிளைகள் மாதந்தோறும் தவறாமல் கூட்டும் கூட்டமும் அதைத் தொடர்ந்து நடக்கும் விருந்தும் பேச்சும்தான்.

கிளை என்பதும் கிளப் என்பதும் வேறு. இதை முதலிலேயே பிரித்துக்கொள்ளாவிட்டால் மற்ற எதுவும் விளங்காது. கிளை என்பது படையில் பணியாற்றியவர்களை மையமாகக் கொண்ட உறுப்பினர் தொண்டு அமைப்பு. கிளப் என்பது மதுக்கூடம், உணவகம், சூதாட்ட இயந்திரங்கள், விழாக்கூடம் எல்லாம் கொண்ட வணிக நிறுவனம். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இவை சட்டப்படி தனித்தனி அமைப்புகள். கிளப்பின் உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஒருநாளும் சீருடை அணிந்திராத ஊர்க்காரர்கள். விக்டோரியாவில் பல இடங்களில் கிளையே உரிமம் பெற்று மதுக்கூடத்தையும் நடத்துகிறது. மேற்குச் சிட்னியில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஆர்எஸ்எல் என்றால் குறைந்த விலையில் இரவு உணவு கிடைக்கும் பெரிய கட்டடம் என்றுதான் பெரும்பாலும் தெரிந்திருக்கும். அந்தக் கட்டடத்தின் ஓர் அறையில் மாதம் ஒருமுறை நடக்கும் கூட்டம்தான் இங்கே பேசுபொருள்.

முதல் உலகப் போர் தொடங்கியபோது ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை 50 லட்சத்தை எட்டவில்லை. அதிலிருந்து ஏறத்தாழ 4 லட்சத்து 16 ஆயிரம் பேர் படையில் சேர்ந்தார்கள். அவர்களில் 3 லட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கடல் கடந்து போனார்கள்; சுமார் 60 ஆயிரம் பேர் திரும்பவில்லை. கடல் கடந்து போரிட்டவர்கள் எல்லாரும் தாமாக முன்வந்தவர்கள். கட்டாய ராணுவச் சேவைக்காக 1916-இலும் 1917-இலும் நடத்தப்பட்ட இரண்டு வாக்கெடுப்புகளையும் மக்கள் தோற்கடித்தார்கள். இறந்தவர்கள் துருக்கியின் கலிபோலியிலும் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் புதைக்கப்பட்டார்கள். அந்தக் கல்லறைகளைப் பார்த்துவர அன்றைய தொழிலாளிக் குடும்பத்துக்கு வழியே கிடையாது. கல்லறை இல்லாத துக்கத்துக்கு ஊரில் ஓர் இடம் வேண்டியிருந்தது. சின்னஞ்சிறு ஊர்களிலும் நினைவுத் தூணும் நினைவு மண்டபமும் எழுந்ததற்கு இதுவே காரணம். பின்னாளில் பல கிளைகளுக்கு இந்த மண்டபங்களே கூட்ட அரங்கும் ஆயின.

கலிபோலியில் காயம்பட்டவர்கள் 1915-லேயே திரும்பத் தொடங்கிவிட்டார்கள். ஊர்வலமாக வழியனுப்பியவர்கள் திரும்பி வந்தவனுக்கு வேலை தரத் தயங்கினார்கள். கை கால் இழந்தவனுக்கு ஓய்வூதியம் எவ்வளவு, யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. மாநிலந்தோறும் தனித்தனியாக முளைத்த சங்கங்கள் 1916 ஜூனில் ஒன்றிணைந்தன. அப்போது அதற்கு 'திரும்பிவந்த மாலுமிகள், சிப்பாய்கள் பேரரசுக் கழகம்' என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலப் பெயர். 1940-இல் அதில் விமானப்படையினரும் சேர்க்கப்பட்டார்கள். 1965-இல் பெயர் சுருங்கியது. 1990-இல் இன்றைய வடிவம் வந்தது. பெயரில் முதலில் நின்ற மாலுமிகளின் சாதனை ஒன்று சென்னையோடும் தொடர்புடையது. 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்த ஜெர்மானியக் கப்பல் எம்டனை, அதே ஆண்டு நவம்பர் 9-இல் கோகோஸ் தீவுகளருகே வீழ்த்தியது 'சிட்னி' என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல். ஆஸ்திரேலியக் கடற்படையின் முதல் பெரும் வெற்றி அது. சிட்னி மாநகரின் ஹைட் பூங்காவில் எம்டனின் பீரங்கி ஒன்று இன்றும் நிற்கிறது.

1919 முதல் 1946 வரை இருபத்தேழு ஆண்டுகள் இந்த அமைப்பின் தேசியத் தலைவராக இருந்தவர் கில்பர்ட் டயெட், கலிபோலியின் லோன் பைன் போரில் படுகாயம் அடைந்தவர். அமைச்சர்களைத் தெருவில் எதிர்ப்பதைவிட அறைக்குள் உட்கார்ந்து பேசிக் காரியம் முடிப்பது அவருடைய வழி. கழகத்துக்கு அரசிடம் கிடைத்த செல்வாக்கில் பெரும்பகுதி அவர் காலத்தில் சேர்ந்தது. ஆனால் உறுப்பினர் எண்ணிக்கை நிலையாக இருக்கவில்லை. போர் முடிந்த சூட்டில் லட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை 1920-களின் நடுவில் அதில் சிறு பங்காகச் சுருங்கியது. திரும்பி வந்தவர்களில் பலர் போரை மறக்கவே விரும்பினார்கள். கலியாணம், நிலம், பிள்ளைகள் என்று வாழ்க்கை இழுத்துக்கொண்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, பழைய காயங்கள் மீண்டும் தொல்லை தரத் தொடங்கியபோதும், பொருளாதார மந்தத்தில் வேலை பறிபோனபோதும், அவர்கள் கிளையைத் தேடி வந்தார்கள். இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு போருக்குப் பின்னும் திரும்பத் திரும்ப நிகழ்ந்திருக்கிறது. போர் முடிந்ததும் விலகி, நடுவயதில் திரும்புவதே படைவீரர்களின் இயல்பு. இதை அறிந்த கிளைகள் பொறுமையாகக் கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தன. அறியாதவை, இளைஞர்கள் வரவில்லை என்று குறைப்பட்டே தேய்ந்துபோயின.

ஆரம்பகாலத்துக் கூட்டங்களில் மிகவும் விரும்பப்பட்டது 'ஸ்மோக் நைட்' எனப்பட்ட புகையிலை இரவு. மண்டபத்தில் நீள மேசைகள், பீர், புகையிலை, பியானோ. ஒருவர் பாடுவார், ஒருவர் வேடிக்கைக் கதை சொல்வார், எல்லாரும் சேர்ந்து படைமுகாம் பாட்டுகளைப் பாடுவார்கள். பெண்கள் அனுமதிக்கப்படவில்லை. மனைவியிடமும் தாயிடமும் சொல்ல முடியாததை அந்த மேசையில் சொல்லலாம். சொல்லாமல் இருக்கவும் செய்யலாம், பக்கத்தில் இருப்பவனுக்கு அது தெரியும். மனநல மருத்துவம் ஊர்ப்புறத்துக்கு எட்டாதிருந்த காலத்தில், குண்டதிர்ச்சியால் இரவில் அலறி எழுபவனுக்குக் கிடைத்த ஒரே துணை இந்தக் கூட்டம். அதில் ஊற்றப்பட்ட மது பலரைக் குடிக்கு அடிமையாக்கியதும் உண்மை. அந்தச் சுமையைக் குடும்பங்கள், அதிலும் பெண்கள், வெளியே சொல்லாமல் தாங்கினார்கள்.

மாதக் கூட்டத்தின் நடைமுறை பெரிதாக மாறவில்லை. தலைவர் கூட்டத்தைத் தொடங்கியதும் அனைவரும் எழுந்து நிற்பார்கள். லாரன்ஸ் பின்யன் 1914-இல் எழுதிய இரங்கற்பாவின் ஒரு பத்தி சொல்லப்படும், அதன் கடைசி வரியை மற்றவர்கள் திருப்பிச் சொல்வார்கள், பிறகு மௌனம். முந்தைய கூட்டத்துக்குப் பின் இறந்த உறுப்பினர்களின் பெயர்கள் வாசிக்கப்படும். அதன்பிறகுதான் மற்ற எல்லா ஊர்ச் சங்கங்களையும் போல, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, கணக்கு, வந்த கடிதங்கள், மாநிலத் தலைமையகத்தின் சுற்றறிக்கை. கொஞ்சம் வறட்சியான பகுதி இது. கூரை பழுது பார்ப்பதா, கொடிக்கம்பத்துக்கு வண்ணம் பூசுவதா என்று அரை மணி நேரம் வாதாடுவார்கள்.

அடுத்து வருவது நலப் பணிப் பொறுப்பாளரின் அறிக்கை. மருத்துவமனையில் யார் இருக்கிறார், முதியோர் இல்லத்துக்கு யார் மாறியிருக்கிறார், யாருடைய மனைவி இறந்தார், யாருடைய ஓய்வூதிய மனு தள்ளுபடியானது என்று பெயர் பெயராகச் சொல்லப்படும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவர் கையை உயர்த்தி, இன்னாரை இரண்டு மாதமாகக் காணோமே என்பார். கூட்டத்தின் முழுப் பயனும் அந்தக் கேள்வியில் இருக்கிறது. எப்போதாவது கூடும் சங்கத்தில் ஒருவர் வராதது யார் கண்ணிலும் படாது. ஒரே கிழமையில், ஒரே நேரத்தில், அதே நாற்காலிகளில் ஆண்டுக்கணக்காகக் கூடுகிறவர்களுக்கு வெறும் நாற்காலி உடனே தெரியும். மறுநாள் யாராவது ஒருவர் தொலைபேசியில் அழைப்பார். பதில் இல்லாவிட்டால் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவார். கூட்டம் தவறாமல் நடப்பதற்குச் சம்பிரதாயப் பற்று மட்டும் காரணம் என்று நினைப்பது தவறு. தனியாக வாழும் முதியவர்களைக் கண்காணிக்க இதைவிட எளிய, செலவில்லாத ஏற்பாட்டை எந்த அரசுத் துறையும் கண்டுபிடித்ததில்லை.

ஓய்வூதிய விஷயத்திலும் கூட்டம் நேரடியாகப் பயன்பட்டது. காயமும் நோயும் போரால் வந்தவைதான் என்று நிறுவினால்தான் உதவி. மருத்துவக் குறிப்புகள் போர்க்களத்திலேயே தொலைந்துபோயிருக்கும். பக்கத்துப் பதுங்குகுழியில் இருந்தவன் எழுதித் தரும் சாட்சியம்தான் மிஞ்சும் ஆதாரம். அந்தச் சாட்சியைக் கண்டுபிடிக்கும் இடம் கிளைக் கூட்டமும் படைப்பிரிவு மறுசந்திப்பும். 1943-இல் சட்டம் திருத்தப்பட்டு, நிரூபிக்கும் சுமை மனுதாரரிடமிருந்து அரசுத் தரப்புக்கு மாற்றப்பட்டது. சந்தேகத்தின் பலனைப் படைவீரருக்குத் தரும் இந்த ஏற்பாட்டுக்காகக் கழகம் நெடுங்காலம் வாதாடியது. ஒரு தொண்டு அமைப்பு நாட்டின் சட்டத்தை ஏழைக்குச் சாதகமாக மாற்றிய நல்ல எடுத்துக்காட்டு அது. இன்றும் பல கிளைகளில் பயிற்சி பெற்ற தொண்டர்கள் மனு நிரப்பித் தருகிறார்கள், மேல்முறையீட்டுக்குத் துணை போகிறார்கள், கட்டணம் வாங்குவதில்லை. முழு மருத்துவச் செலவையும் அரசு ஏற்கும் 'கோல்டு கார்டு' யாருக்குக் கிடைக்கும், குறிப்பிட்ட நோய்களுக்கு மட்டுமான 'ஒயிட் கார்டு' யாருக்கு என்ற குழப்பத்துக்கு விடை தேடுபவர்கள் முதலில் வருவது கிளைக்குத்தான்.

உறுப்பினர் இறந்தால் அடக்கத்தில் கிளைக்குத் தனி இடம் உண்டு. சமயச் சடங்கோடு சேர்த்து, கிளையின் பிரதிநிதி இறந்தவரின் படைப்பணியைச் சுருக்கமாகச் சொல்வார். வந்திருக்கும் தோழர்கள் ஒவ்வொருவராக முன்சென்று சவப்பெட்டியின் மேல் ஒரு சிவப்புப் பாப்பி மலரை வைப்பார்கள். 1921-இல் பிரான்ஸ் நாட்டு அநாதைக் குழந்தைகள் செய்த பட்டுப் பாப்பி மலர்களைத் தருவித்துக் கழகம் விற்கத் தொடங்கியதிலிருந்து அந்த மலர் ஆஸ்திரேலியாவில் வேரூன்றியது. உறவினர் யாருமின்றி இறக்கும் முதியவருக்கும் கிளை ஆட்களை அனுப்பும். நம் கிராமங்களில் நாதியற்றவரின் பிணத்தை ஊரே தூக்குவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். இறந்தவரின் மனைவி மக்களைப் பார்த்துக்கொள்ள 1923-இல் மெல்போர்னில் 'லெகசி' என்ற தனி அமைப்பை ஸ்டான்லி சாவிஜ் தொடங்கினார். இரண்டு அமைப்புகளிலும் பெரும்பாலும் அதே மனிதர்களே உழைத்தார்கள்.

ஊர்க் கிளையின் மாதக் கூட்டம் எப்படிப் பெரிய கிளப்பாக வளர்ந்தது என்பதற்கு மதுச்சட்டத்தின் வரலாறு தேவை. 1916 பிப்ரவரியில் சிட்னிக்கருகே லிவர்பூல், கசூலா முகாம்களில் இருந்த ஆயிரக்கணக்கான பயிற்சிச் சிப்பாய்கள் பயிற்சி நேரம் கூட்டப்பட்டதை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்து, மதுக்கடைகளைச் சூறையாடி, ரயிலில் சிட்னிக்குள் நுழைந்து கலகம் செய்தார்கள். அதே ஆண்டு நடந்த வாக்கெடுப்பில் மதுக்கடைகளை மாலை 6 மணிக்கே மூட நியூ சவுத் வேல்ஸ் மக்கள் தீர்ப்பளித்தார்கள். தெற்கு ஆஸ்திரேலியா, விக்டோரியா, டாஸ்மேனியா ஆகியவையும் அந்தக் காலத்தில் இதே விதிக்கு வந்தன. வேலை முடிவது ஐந்து மணிக்கு, கடை மூடுவது ஆறு மணிக்கு. இடைப்பட்ட ஒரு மணி நேரத்தில் நின்றபடியே குடித்துத் தீர்க்கும் வழக்கம் நியூ சவுத் வேல்ஸில் 1955 வரையும் விக்டோரியாவில் 1966 வரையும் நீடித்தது. அந்த நெரிசலோடு ஒப்பிட்டால், தோழர்களோடு மேசையில் உட்கார்ந்து பேச வாய்ப்புத் தந்த உறுப்பினர் கிளப் சொர்க்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ பத்து லட்சம் ஆஸ்திரேலியர்கள் பணியாற்றினார்கள். 1946-இல் கழகத்தின் உறுப்பினர் எண்ணிக்கை 3 லட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டியது; அதுவே உச்சம். கிளப் உரிமங்களும் போருக்குப்பின் தாராளமாகக் கிடைத்தன. 1956-இல் நியூ சவுத் வேல்ஸ் அரசு பதிவுபெற்ற கிளப்களில் போக்கர் மெஷின் எனப்படும் சூதாட்ட இயந்திரங்களைச் சட்டபூர்வமாக்கியது. அதன்பின் பணம் கொட்டியது. மரச்சுவர் மண்டபங்கள் இருந்த இடங்களில் பல அடுக்குக் கட்டடங்கள் எழுந்தன. நடன அரங்கு, பந்துருட்டும் புல்வெளி, பிங்கோ, வெள்ளிக்கிழமை மாலையில் இறைச்சித் தட்டைப் பரிசாகத் தரும் குலுக்கல், முதியவர்களை வீட்டிலிருந்து ஏற்றிவந்து திரும்ப விடும் இலவசப் பேருந்து எல்லாம் வந்தன. தொழிலாளிக் குடும்பங்கள் வாழும் புறநகர்களுக்கு முதல்முறையாக ஒரு நல்ல பொழுதுபோக்கு இடம் கிடைத்தது. சுற்றுவட்டாரத்துக்கு வெளியே வசிப்பவர் வாசலில் கையெழுத்திட்டு அன்றைக்கு மட்டும் விருந்தினராக நுழையும் விதி நெடுங்காலம் இருந்தது. விருந்தினருக்கும் உறுப்பினருக்கும் பொதுவாக ஒன்று நடக்கும். பல கிளப்களில் மாலை 6 மணிக்கு, சிலவற்றில் இரவு 9 மணிக்கு, விளக்குகள் மங்கும். இயந்திரங்களின் ஓசை அடங்கும். சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்களும் எழுந்து நிற்பார்கள். மாதக் கூட்டத்தில் சொல்லப்படும் அதே இரங்கற்பா ஒலிக்கும். ஒரு நிமிடம் போனதும் பழையபடி சலசலப்பு. சூதாட்டக் கூடத்தில் இந்த அஞ்சலி பொருந்தவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் சாதாரண மக்கள் தங்கள் சாப்பாட்டை நிறுத்திவிட்டு நாள்தோறும் இறந்த வீரர்களை நினைக்கும் வழக்கம் அரிது. அது காப்பாற்றத் தக்கது.

ஆண்டு முழுவதும் சிறிதாக நடப்பது ஏப்ரல் 25 அன்று பெரிதாக நடக்கும். 1915-இல் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் கலிபோலியில் கரையிறங்கிய நாள் அது. ஆன்சாக் நாள் என்று பெயர். விடியலுக்கு முன் நினைவுத் தூணருகே கூடுவது 1920-களின் பிற்பகுதியில் நிலைபெற்ற வழக்கம். சிட்னியின் மார்ட்டின் பிளேஸில் 1928-இல் முறையாகத் தொடங்கியது. இருட்டில் நடக்கும் அஞ்சலிக்குப்பின் கிளைகள் 'கன்ஃபயர்' காலை உணவு தருகின்றன. ரம் கலந்த காபி அல்லது தேநீர், ரொட்டி, பன்றி இறைச்சி, முட்டை. தாக்குதலுக்குமுன் போர்முனையில் தரப்பட்ட பானத்தின் நினைவு அது. காலையில் அணிவகுப்பு, மதியம் படைப்பிரிவுவாரியாக மறுசந்திப்பு. அன்று பிற்பகலில் கிளப் முற்றங்களில் வட்டமாக நின்று, மரச்சட்டத்தில் வைத்த காசுகளைச் சுண்டிவிட்டுப் பூவா தலையா பார்க்கும் 'டூ-அப்' ஆடுவார்கள். பதுங்குகுழிகளில் ஆடப்பட்ட இந்தச் சூதாட்டத்தை நியூ சவுத் வேல்ஸில் ஆன்சாக் நாளன்று ஆடச் சட்டமே அனுமதி தருகிறது. இந்த நாள் வெறும் குடிக்கூத்தாகிவிட்டதா என்ற கேள்வியை ஆலன் சீமோர் 1960-இல் மேடையேறிய 'தி ஒன் டே ஆஃப் தி இயர்' நாடகத்தில் எழுப்பியபோது நாடே கொதித்தது. கலிபோலியில் போரிட்டவர்களில் கடைசியாக உயிரோடிருந்த அலெக் கேம்பல் 2002 மே மாதத்தில் 103-ஆம் வயதில் இறந்தார். விடியல் அஞ்சலிக்கு வரும் கூட்டம் அதற்குப்பின் குறைந்துவிடவில்லை.

யாரையெல்லாம் கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்கள் என்பது இந்த வரலாற்றின் வலிமிகுந்த பகுதி. பூர்வகுடி ஆஸ்திரேலியர்கள் இரண்டு உலகப் போர்களிலும் போரிட்டார்கள். ரெக் சாண்டர்ஸ் 1944-இல் அதிகாரியாக நியமனம் பெற்று, கொரியப் போரில் ஒரு படைக்குழுவுக்குத் தலைமை தாங்கினார். ஆனால் ஊர் திரும்பிய பூர்வகுடிச் சிப்பாய்க்குப் பல ஊர்களில் கிளப்பின் வாசல் அடைத்தே இருந்தது. சில இடங்களில் ஆன்சாக் நாளில் மட்டும் உள்ளே விட்டார்கள். 1965 பிப்ரவரியில் சார்லஸ் பெர்கின்ஸ் தலைமையில் சிட்னிப் பல்கலைக்கழக மாணவர்கள் பேருந்தில் ஊர் ஊராகச் சென்று நிறப்பாகுபாட்டை எதிர்த்தார்கள். அவர்கள் மறியல் செய்த முதன்மையான இடங்களில் ஒன்று வால்கெட் நகரத்து ஆர்எஸ்எல் கிளப். ஒரே பதுங்குகுழியில் படுத்தவனை ஒரே மேசையில் உட்காரவிடாத அநியாயத்துக்கு எந்தச் சமாதானமும் போதாது. போருக்குப்பின் வீரர்களுக்கு நிலம் வழங்கிய திட்டத்திலும் பூர்வகுடியினருக்குக் கிடைத்தது மிகச் சொற்பம்.

பெண்களுக்கு நேர்ந்தது வேறு வகை. போர்முனைச் செவிலியர்கள் உறுப்பினராக முடிந்தது. ஆனால் பெரும்பாலான பெண்கள் கிளையோடு கொண்ட உறவு மகளிர் துணைக்குழு வழியாகத்தான். சமைத்து, கேக் விற்று, நிதி திரட்டிக் கிளைகளை நடத்திச் சென்றவர்கள் கூட்டத்தில் வாக்களிக்க முடியவில்லை. ஒதுக்கல் இத்தோடு நிற்கவில்லை. 1982 ஆன்சாக் நாளில் மெல்போர்ன் நினைவாலயத்தில் மலர்வளையம் வைக்க வந்த ஒருபாலீர்ப்பு முன்னாள் படைவீரர்களை விக்டோரியா மாநிலத் தலைவர் புரூஸ் ரக்ஸ்டன் திருப்பி அனுப்பினார். ஆசியக் குடியேற்றத்தையும் பகிரங்கமாக எதிர்த்தவர் அவர். 1979 முதல் 2002 வரை அந்தப் பதவியில் இருந்த அவரே விதவைகளின் ஓய்வூதியத்துக்காக விடாது போராடியவரும் ஆவார். கழகத்தின் இரண்டு முகங்களும் ஒரே மனிதரில் தெரிந்தன.

வியட்நாம் போரில் 1962 முதல் 1973 வரை சுமார் 60 ஆயிரம் ஆஸ்திரேலியர்கள் பணியாற்றினார்கள். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும் எதிர்ப்புக்கிடையே நடந்த அந்தப் போரிலிருந்து திரும்பியவர்களில் பலருக்குக் கிளைகளில் கிடைத்த வரவேற்பு கசப்பானது. உலகப்போர்த் தலைமுறையினர் சிலர் அதை உண்மையான போராகவே ஒப்பவில்லை. மனம் கசந்தவர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் தொடங்கினார்கள். போர்க்களத்தில் நடந்த ரசாயனத் தெளிப்பின் பாதிப்புகளையும் மன உளைச்சலையும் அரசு கவனிக்க வேண்டும் என்று அந்தச் சங்கம் போராடியது. அதன் விளைவாக 1982-இல் தனி ஆலோசனைச் சேவை தொடங்கப்பட்டது. 1987 அக்டோபர் 3-இல் சிட்னியில் நடந்த வரவேற்பு அணிவகுப்பில் சுமார் 25 ஆயிரம் பேர் நடந்தார்கள். போரிலிருந்து திரும்பிப் பதினைந்து ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வரவேற்பு அது. அதன்பின் பலர் கிளைகளுக்கு வந்தார்கள். இன்று பல ஊர்களில் கிளையைத் தாங்குபவர்கள் அன்று முகஞ்சுளிக்கப்பட்ட அதே வியட்நாம் தலைமுறையினர்.

ஒரு சங்கம் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வேறுபாட்டைத் தமிழர் வரலாற்றோடு நேரடியாகத் தொடர்புடைய ஓரிடத்தில் காணலாம். சயாம்–பர்மா ரயில்பாதையை ஜப்பானியர் 1942-43-இல் அமைத்தபோது சுமார் 13 ஆயிரம் ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள்; ஏறத்தாழ 2,800 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்கள் முன்னாள் போர்க்கைதிகள் சங்கமாகத் திரண்டார்கள், ஆண்டுதோறும் கூடினார்கள், பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்த்தார்கள், ஓய்வூதியம் கேட்டார்கள். காடு மூடிக் கிடந்த 'ஹெல்ஃபயர் பாஸ்' என்ற பாறை வெட்டுப்பாதையை அவர்களில் ஒருவரான டாம் மோரிஸ் 1980-களில் தேடிப்போய் அடையாளம் கண்டு, நினைவிடமாக்கும் முயற்சியைத் தொடங்கினார். 1998-இல் அங்கே ஆஸ்திரேலிய அரசின் செலவில் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் பல்லாயிரக்கணக்கில் மாண்டார்கள். அவர்களுக்குப் பெயர்ப் பட்டியல் இல்லை. பிழைத்துத் தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் மாதந்தோறும் கூட ஒரு மண்டபமோ, மனு எழுதித் தர ஒருவரோ கிடையாது. போர்க்கைதிகளின் கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகப் பெயரோடு இருக்கின்றன. தமிழர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்ற எண்ணிக்கையே இன்றும் மதிப்பீடுதான்.

இன்றைய கிளைகளின் முன்னால் இரண்டு சிக்கல்கள். ஒன்று பணம். கிளப்களின் சூதாட்ட இயந்திரங்களில் பணம் இழப்பவர்களில் முன்னாள் படைவீரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் உண்டு. கிடைக்கும் வருவாயில் படைவீரர் நலனுக்குப் போவது மிகச் சிறிது என்ற குற்றச்சாட்டு பல ஆண்டுகளாக இருக்கிறது. 2017-இல் நியூ சவுத் வேல்ஸ் ஆர்எஸ்எல் தலைமையின் நிதி நிர்வாகத்தைப் பற்றி முன்னாள் நீதிபதி பாட்ரிசியா பெர்கின் விசாரணை நடத்தினார். மாநில அளவிலான செலவுகளில் இருந்த கடும் சீர்கேடுகள் அதில் வெளிவந்தன. விக்டோரியாவில் சில கிளைகள் இயந்திரங்களை முற்றிலும் அகற்றிவிட்டன. அவை சரியான முடிவை எடுத்திருக்கின்றன.

மற்றது ஆட்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் முதன்முறையாகப் படைப்பணி பற்றிய கேள்வி இப்போதைய வடிவில் கேட்கப்பட்டது. 5 லட்சத்து 80 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பணியில் இருப்பதாகவோ முன்பு இருந்ததாகவோ சொன்னார்கள். ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் கிழக்குத் திமோரிலும் இருந்தவர்கள் இப்போது முப்பது, நாற்பது, ஐம்பது வயதுகளில் இருக்கிறார்கள். வேலைநாள் காலை பத்து மணிக்குக் கூடும் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. மதுக்கூடத்தைச் சுற்றி நடக்கும் சந்திப்பை அவர்களில் பலர் விரும்பவும் இல்லை. மாறத் தெரிந்த கிளைகள் சனிக்கிழமைக் காலையில் குடும்பத்தோடு காபி, மலையேற்றம், மிதிவண்டிப் பயணம், மரவேலைப் பட்டறை என்று கூட்டத்தின் உருவத்தை மாற்றியிருக்கின்றன. பெண் உறுப்பினர்கள் தலைமைப் பொறுப்புக்கு வருகிறார்கள். உறுப்பினர் குறைந்துபோன சிறு கிளைகள் பக்கத்து ஊர்க் கிளைகளோடு இணைகின்றன.

இந்த மாற்றம் எவ்வளவு அவசரமானது என்பதை 2021-இல் அமைக்கப்பட்டு 2024 செப்டம்பரில் இறுதி அறிக்கை தந்த அரச ஆணையம் காட்டியது. படையில் இருப்பவர்கள், இருந்தவர்களின் தற்கொலைகளை ஆராய்ந்த அந்த ஆணையம், 1997-க்கும் 2021-க்கும் இடையே குறைந்தது 1,677 பேர் தம் உயிரை மாய்த்துக்கொண்டதாகப் பதிவு செய்தது. அதே காலத்தில் போர்ப்பணியில் இறந்தவர்களைவிட இது பல மடங்கு. படையிலிருந்து விலகிய முதல் சில ஆண்டுகள், அதிலும் உடல்நலக் குறைவாலோ விருப்பத்துக்கு மாறாகவோ விலக நேர்ந்தவர்களுக்கு, மிக ஆபத்தானவை. படைவீரர் நலனுக்காகப் புதிய அரசு முகமையும், சிதறிக் கிடக்கும் முன்னாள் படைவீரர் அமைப்புகளுக்கு ஒரு கூட்டமைப்பும் வேண்டும் என்பது உட்பட 122 பரிந்துரைகளை ஆணையம் தந்தது. முகமையும் கூட்டமைப்பும் தேவையானவைதான். ஆனால் விலகிய முதல் ஆண்டில் ஒரு முன்னாள் சிப்பாய் கூட்டத்துக்கு வராமல் போனால், மறுநாள் அவர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடிந்தவர்கள் அவர் ஊரின் கிளைக்காரர்கள் மட்டுமே. கிளப்களின் கருவூலத்தில் சேர்ந்திருக்கும் பணத்துக்கு இதைவிட முதன்மையான செலவு வேறில்லை.